கறுத்த முகமும் வெள்ளை வேட்டியும் ஒரே நெகட்டிவில்

சென்ற ஆண்டு ஆடித் திருவிழாவில் எடுத்த பன்னிரண்டு படங்களை அச்சிட்டுப் பெரியம்மாவிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் ஒவ்வொன்றையும் வாசலோரம் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "ஏம்பா, என் கண்ணு எங்கப்பா? உங்க பெரியப்பா வேட்டிய மட்டுந்தான் புடிச்சிருக்க போல" என்றார். அவர் சொன்னது முழுக்க உண்மை. மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட்டுக்கு வெளியே இருக்கும் எங்கள் பழைய தோட்டத்து மாரியம்மன் கோயிலில், தகரப் பந்தலின் நிழலில் பெரியம்மாவும், பந்தலை ஒட்டி உச்சி வெயிலில் வெள்ளை வேட்டியுடன் பெரியப்பாவும் நின்றிருந்தனர். படத்தில் பெரியம்மாவின் முகம் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் கருமை இருந்தது. பெரியப்பாவின் இடுப்புக்குக் கீழே மடிப்போ கரையோ இல்லாமல் தாளின் வெள்ளை மட்டும் இருந்தது.

அன்றிரவு அந்த நெகட்டிவை எடுத்து, மேசைமேல் விரித்திருந்த தமிழ் நாளிதழின் மீது வைத்துப் பார்த்தேன். வேட்டி பதிந்திருந்த பகுதியின் வழியே கொட்டை எழுத்துத் தலைப்புகூடத் தெரியவில்லை. நெகட்டிவில் வெளிச்சம் பட்ட இடமே கறுக்கும்; அங்கே வெள்ளி அவ்வளவு தடிப்பாகப் படிந்திருந்தது. பெரியம்மாவின் முகம் இருந்த பகுதியிலோ ராசிபலனின் பொடியெழுத்தைத் தடையின்றிப் படிக்க முடிந்தது. அங்கே பிலிமில் எதுவுமே பதியவில்லை. நல்ல நெகட்டிவ் என்றால் அதன் மிக அடர்ந்த பகுதியின் வழியேயும் அச்செழுத்தை மங்கலாகவேனும் படிக்க முடிய வேண்டும் என்பது பழைய புகைப்படக்காரர்கள் கைக்கொண்ட சோதனை. அடர்த்தி அளக்கும் கருவி இல்லாத எனக்கு அந்தச் சோதனையே போதுமானதாக இருந்தது. இந்த ஓராண்டில் நான் கழுவிய ஒவ்வொரு சுருளையும் நாளிதழின் மேல் வைத்துப் பார்த்த பிறகே அச்சுக்கு எடுத்திருக்கிறேன்.

தவறுகள் இரண்டு நடந்திருந்தன. முதலாவது, படம் எடுத்த நொடியில் நடந்தது. கேமராவின் ஒளிமானி காட்சி முழுவதையும் சராசரியாகப் பார்த்து, வெயிலுக்கும் வேட்டிக்கும் இணங்கி, லென்ஸ் திறப்பு எஃப் 16, நேரம் 1/500 நொடி என்று காட்டியது. நானும் அதை அப்படியே ஏற்றுக்கொண்டேன். இரண்டாவது, கழுவும்போது நடந்தது. நான் பயன்படுத்துவது இல்ஃபோர்ட் எச்.பி.5 பிளஸ் பிலிம், டெவலப்பர், அதாவது படத்தை வெளிக்கொணரும் கரைசல், ஐ.டி-11. ஒரு பங்கு டெவலப்பருக்கு ஒரு பங்கு தண்ணீர் கலந்தால் 13 நிமிடம் என்று குறிப்புத்தாள் சொல்கிறது. அந்த 13 நிமிடம் 20 டிகிரி செல்சியஸுக்கு உரியது. அன்று நான் குழாய்த் தண்ணீரை அப்படியே ஊற்றிக் கலந்தேன். எங்கள் வீட்டுக் குழாயில் பிற்பகல் வரும் தண்ணீர் 28 டிகிரி. அந்தச் சூட்டில் ஆறரை நிமிடத்திலேயே வேலை முடிந்துவிடும். அதாவது, பிலிமைத் தேவையைப் போல் இரு மடங்கு நேரம் டெவலப்பரில் வைத்திருந்தேன்.

இவ்விரு தவறுகளும் ஏன் இரு வேறு இடங்களைக் கெடுத்தன என்பதைப் புரிந்துகொண்ட பிறகுதான் என்னால் மேலே நகர முடிந்தது. வெளிச்சத்தின் அளவுக்கும் நெகட்டிவின் அடர்த்திக்கும் உள்ள தொடர்பை, இங்கிலாந்தின் இரசாயன ஆலை ஒன்றில் பணியாற்றிய ஹர்ட்டர், டிரிஃபீல்டு என்னும் இருவர் அளந்து, 1890இல் ஒரு வளைகோடாக வரைந்து வெளியிட்டனர். அந்தக் கோட்டின் அடிப்பகுதி நிழலுக்கு உரியது. மேற்பகுதி வெளிச்சத்துக்கு உரியது. நிழலில் டெவலப்பர் கறுக்க வைக்கக்கூடிய வெள்ளி உப்புத் துகள்கள் சிலவே இருப்பதால், அவை முதல் சில நிமிடங்களிலேயே பெரும்பாலும் கறுத்து முடிந்துவிடுகின்றன. வெளிச்சம் பட்ட இடத்தில் அத்தகைய துகள்கள் ஏராளம் இருப்பதால், நேரம் நீள நீள அடர்த்தி ஏறிக்கொண்டே போகிறது. விதைக்காத நிலத்துக்கு எவ்வளவு தண்ணீர் பாய்ச்சினாலும் பயிர் முளைக்காது. விதைத்த நிலத்துக்கு அளவு மீறிப் பாய்ச்சினால் பயிர் மண்டிப்போகும். பெரியம்மாவின் முகத்தில் நான் விதைக்கவே இல்லை. பெரியப்பாவின் வேட்டிக்கு மடையைத் திறந்துவிட்டு மறந்துவிட்டேன். ஆகவே கான்ட்ராஸ்ட், அதாவது நிழலுக்கும் வெளிச்சத்துக்கும் உள்ள வேறுபாடு, என்பது பிலிமுடன் வரும் மாறாத குணம் அன்று. நிழலை எக்ஸ்போஷராலும் (படமெடுக்கும்போது பிலிமில் விழவிடும் ஒளியின் அளவாலும்), வெளிச்சத்தைக் கழுவும் நேரத்தாலும் தனித்தனியே நிர்ணயித்துக்கொள்ளலாம்.

இதையே ஒழுங்குபடுத்தி, அமெரிக்கப் புகைப்படக்காரர்களான ஆன்சல் ஆடம்ஸ், ஃபிரெட் ஆர்ச்சர் இருவரும் 1939, 1940 ஆண்டுகளில் லாஸ் ஏஞ்சல்ஸில் மண்டல முறை ஒன்றை வகுத்தனர். சுழியம் முதல் பத்து வரை மண்டலங்கள். ஒன்றுக்கும் அடுத்ததற்கும் ஒரு ஸ்டாப், அதாவது இரு மடங்கு வெளிச்சம், வேறுபாடு. சுழியம் முழுக் கறுப்பு, பத்து வெறும் தாள். ஒளிமானியை எதன்மீது காட்டினாலும் அது அந்தப் பொருளை நடுச் சாம்பலான ஐந்தாம் மண்டலமாகவே எண்ணிக்கொள்ளும். வெயில் படும் வெளிறிய முகத்தை ஆறாம் மண்டலத்தில் வைக்க வேண்டும் என்பது அம்முறையில் பயின்று வரும் வழக்கம். பெரியம்மாவின் முகம் அந்த முகம் அன்று. ஒளிமானி சொன்னபடி ஐந்தில் வைத்தாலும் அவருடைய நிறம் வெளுத்து, வேறு யாரோ போல் ஆகிவிடுகிறது. பலமுறை அச்சிட்டுப் பார்த்த பிறகு, அவருக்கு நான்காம் மண்டலமே சரி என்ற முடிவுக்கு வந்தேன். அங்கேதான் அவருடைய நிறம் அவருடையதாக இருக்கிறது. கண்ணின் ஈரம், கன்னச் சுருக்கம், மூக்குத்திக் கல் எல்லாம் அந்தக் கருமைக்குள்ளேயே பிரிந்து தெரிகின்றன. மூன்றுக்கு இறங்கினால் சுருக்கங்கள் ஒன்றோடொன்று கலக்கத் தொடங்கிவிடுகின்றன.

திருவிழா முடிந்த பின் ஒரு நாள் அதே பந்தல் இருந்த இடத்தில், அதே நேரத்தில், இருவரையும் நிற்க வைத்து, கேமராவை முகத்துக்கு ஒரு சாண் அருகே கொண்டுபோய் அளந்தேன். பிலிமின் வேகத்தை ஐ.எஸ்.ஓ 400 என்று வைத்தபோது முகம் எஃப் 8, 1/125 என்று காட்டியது. வேட்டி எஃப் 16, 1/2000 என்று காட்டியது. இரண்டுக்கும் இடையே 6 ஸ்டாப். முகத்தை நான்கில் வைத்தால் வேட்டி பத்தில் போய் விழும். பத்து என்பது வெறும் தாள். மடிப்பு தெரிய வேண்டுமானால் வேட்டி எட்டில் இருக்க வேண்டும். ஆகவே கழுவும்போது மேல்முனையை இரண்டு மண்டலம் கீழே இறக்க வேண்டும். மண்டல முறைக்காரர்கள் இதை 'மைனஸ் 2' என்பார்கள். முதல் சுருளில் நான் எடுத்த எஃப் 16, 1/500, முகத்தை ஒன்றாம் மண்டலத்தில் தள்ளியிருக்கிறது என்பதும் அப்போதுதான் கணக்கில் தெளிவானது.

கணக்கு கிடைத்துவிட்டது, ஆனால் நம் ஊர்த் தண்ணீர் அந்தக் கணக்குக்கு ஒத்துழைப்பதில்லை. காலையில் 26, பிற்பகலில் 28 அல்லது 29 என்றே குழாய்த் தண்ணீர் வருகிறது. முதலில் குறிப்புத்தாளில் உள்ள 20 டிகிரியையே பிடித்துவிடுவது என்று ஐஸ் வாங்கி வந்து முயன்றேன். ஊற்றும்போது 20 இருந்தது, 13 நிமிடம் கழித்து வடிக்கும்போது 22.5 ஆகியிருந்தது. ஒவ்வொரு முறையும் ஏற்றம் ஒரே அளவில் இருப்பதும் இல்லை. ஒருநாள் விசிறி ஓடுகிறது, ஒருநாள் ஓடுவதில்லை, ஒருநாள் மழை. கான்ட்ராஸ்டைக் கட்டுப்படுத்த நினைப்பவருக்கு அளவு எது என்பதைவிட, அது மாறாமல் இருப்பதே முக்கியம். ஆகவே 24 டிகிரியை எனக்குரியதாக வைத்துக்கொண்டேன். பெரிய பிளாஸ்டிக் பேசினில் தண்ணீர் நிரப்பி, முடிச்சிட்ட ஐஸ் பொட்டலங்களை அதில் மிதக்கவிட்டு, டெவலப்பர், அதன் வேலையை நிறுத்தும் ஸ்டாப் பாத், படத்தை நிலைப்படுத்தும் ஃபிக்ஸர் ஆகிய புட்டிகளையும் கழுவும் டாங்கியையும் அதற்குள்ளேயே அரைமணி நேரம் நிறுத்தினால், எல்லாம் ஒரே 24க்கு வந்துவிடுகின்றன. வெளிச்சூட்டுக்கும் அதற்கும் இடைவெளி குறைவு என்பதால், கால்மணி நேரத்துக்குள் அரை டிகிரிக்கு மேல் நகர்வதில்லை. பொட்டலத்தைப் பிரிக்காமல் அப்படியே போடுவது நல்லது. தண்ணீர் மட்டம் ஏறாது, தேவையானபோது ஒன்றை எடுத்து வெளியே வைக்கலாம்.

24 டிகிரியில் நேரம் 20 டிகிரிக்கு உரியதில் ஏறக்குறைய 70 விழுக்காடாகக் குறையும். ஒன்றுக்கு ஒன்று கலவையின் 13 நிமிடம் இங்கே 9 நிமிடம். அதிலிருந்து மைனஸ் 2க்காக மேலும் குறைத்தால் ஐந்தரை நிமிடத்துக்கு அருகே வந்து நிற்கும். ஐந்து நிமிடத்தை ஒட்டிய வேலை ஆபத்தானது. டெவலப்பரை ஊற்றவும் வடிக்கவும் ஆகும் பத்து, பதினைந்து நொடியே பிலிமின் ஒரு பக்கத்தை மறுபக்கத்திலிருந்து வேறுபடுத்திவிடும். இதற்காகவே ஒரு பங்கு டெவலப்பருக்கு மூன்று பங்கு தண்ணீர் என்னும் கலவைக்கு மாறினேன். அதற்கு 20 டிகிரியில் 20 நிமிடம். 24இல் 14 நிமிடம். இதில் குறைப்பதற்குப் போதிய இடம் உண்டு. நீர்த்த கலவைக்கு இன்னொரு நன்மையும் உண்டு. வேட்டி போன்ற அடர்ந்த பகுதியில் டெவலப்பர் விரைவில் சக்தி இழந்து தளர்ந்துவிடும். வேலை குறைவாக உள்ள நிழல் பகுதியில் அது தளராமல் தொடரும். மேல்முனை தானாகவே சற்று அடங்குகிறது.

ஒரு முன்னெச்சரிக்கையை இங்கே சொல்ல வேண்டும். நீர்த்த கலவையில் ஒரு சுருளுக்குத் தேவையான மூல டெவலப்பர் இருக்கிறதா என்று பார்க்காமல் சிறிய டாங்கியில் ஊற்றினால், 300 மில்லியில் 75 மில்லிதான் மூலம் இருக்கும். நெகட்டிவ் மெலிந்து வரும், நாம் நேரத்தைக் குறை சொல்லிக்கொண்டிருப்போம். நான் இரண்டு ரீல் கொள்ளும் டாங்கியில் 600 மில்லி ஊற்றி, பிலிம் சுற்றிய ரீலை அடியிலும், வெற்று ரீலை அதன் மேலும் வைத்து ஒரே ஒரு சுருளைக் கழுவுகிறேன். மூல டெவலப்பர் 150 மில்லி கிடைக்கிறது.

அடுத்தது சோதனை. வீட்டுப் பின்புறக் கொடியில் வெயில் படும்படி பெரியப்பாவின் வேட்டி ஒன்றைக் காயப்போட்டு, தாழ்வாரத்தின் நிழலில் ஒரு பழைய அரிசிச் சாக்கைத் தொங்கவிட்டேன். சாக்கின் நெசவுதான் நிழலுக்கு என் சாட்சி. அந்த இழைகள் பிரிந்து தெரிந்தால் முகத்தின் சுருக்கமும் தெரியும். இரண்டுக்கும் இடையே அதே 6 ஸ்டாப் இருக்கும்படி சாக்கை நகர்த்தி வைத்தேன். பிறகு கேமராவை முக்காலியில் நிறுத்தி, ஐ.எஸ்.ஓ 400, 200, 100 என்று மூன்று விதமாக மாற்றி மாற்றி, அதே வரிசையில் 36 படமும் முடியும்வரை எடுத்தேன். இப்படிச் செய்தால் பிலிமை எங்கே வெட்டினாலும் அந்தத் துண்டில் மூன்று விதமும் இருக்கும். கறுப்புப் பைக்குள் கையை விட்டு, அளவாக வெட்டி வைத்த அட்டையைப் பிடித்து அளந்து, மூன்று துண்டுகளாக்கினேன். நம் ஊர்ப் புழுக்கத்தில் பைக்குள் கை வியர்த்து, பிலிம் பிளாஸ்டிக் ரீலில் ஒட்டிக்கொண்டு நகர மறுக்கும். ரீலைத் தலைமுடி உலர்த்தியால் நன்றாகக் காயவைத்து, இரவில், விசிறிக்குக் கீழே உட்கார்ந்து செய்தால் ஓரளவு தப்பிக்கலாம்.

மூன்று துண்டுகளையும் முறையே 14, 11, 8.5 நிமிடம் கழுவினேன். காய்ந்த பின் நாளிதழின் மேல் வரிசையாக வைத்தபோது ஒரு தாழ்வாரத்தில் விளக்குகளை ஒவ்வொன்றாக ஏற்றியது போல் இருந்தது. 14 நிமிடத் துண்டில், வேட்டியின் வழியே தலைப்பு மட்டும் நிழலாகத் தெரிந்தது. 11இல் தலைப்பு தெளிந்தது, செய்தி தெரியவில்லை. 8.5இல் செய்தியின் எழுத்துகளையே கூட்டிப் படிக்க முடிந்தது. வேட்டியின் கொடி மடிப்பும், கரையின் இரட்டைக் கோடும் நெகட்டிவிலேயே பிரிந்து நின்றன. ஆனால் அதே துண்டில் 400இல் எடுத்த படத்தின் சாக்கு இழைகள் மங்கியிருந்தன. 200இல் எடுத்ததில்தான் 14 நிமிடத் துண்டின் 400க்கு நிகராக வந்தன. நேரத்தைக் குறைத்தால் பிலிமின் வேகமும் சற்றுக் குறைகிறது. ஆகவே மைனஸ் 2க்குக் கழுவப் போகும் சுருளை முன்கூட்டியே 200 என்று வைத்து எடுக்க வேண்டும். 100இல் எடுத்தவை நிழலில் இன்னும் செழிப்பாக இருந்தாலும், வேட்டி மீண்டும் அடர்த்தியின் பக்கம் ஏறியது. அதனால் பயன் இல்லை. அன்றே குறிப்பேட்டில் எழுதி வைத்தேன்: 200, ஒன்றுக்கு மூன்று, 24 டிகிரி, எட்டரை நிமிடம். மைனஸ் 1க்கு 11 நிமிடம்.

டாங்கியை அசைப்பதும் கான்ட்ராஸ்டைத் தீர்மானிக்கிறது என்பதால், அதையும் மாறாமல் வைத்துக்கொள்கிறேன்: ஒவ்வொரு நிமிடத்தின் தொடக்கத்திலும் பத்து நொடிக்குள் நான்கு முறை தலைகீழாகக் கவிழ்த்து நிமிர்த்துவது. கூடுதலாக அசைத்தால் புதிய டெவலப்பர் அடர்ந்த இடங்களுக்கு ஓயாமல் போய்ச் சேர்ந்து மேல்முனையை ஏற்றிவிடும். அசைக்கவே வேண்டாம் என்னும் வழியையும் ஒருமுறை முயன்றேன். 1891 முதல் விற்பனையில் இருக்கும் ரோடினால் டெவலப்பரை ஒன்றுக்கு நூறாக நீர்த்து, ஒரு மணி நேரம் அப்படியே நிறுத்தி வைக்கும் முறை அது. சூட்டைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம் என்று பலர் சொல்வதை நம்பி 28 டிகிரியிலேயே விட்டேன். வேட்டி அடங்கியிருந்தது உண்மை. ஆனால் பிலிம் முழுவதும் சாம்பல் திரை படர்ந்திருந்தது. ஓரத் துளைகளிலிருந்து வானத்தின் குறுக்கே வெளிறிய கோடுகள் இறங்கியிருந்தன. வேலை முடிந்த டெவலப்பர் அசையாமல் பிலிமின் மேலேயே வழிந்து நின்றதன் தடம் அது. வெறும் வானமோ வெள்ளைச் சுவரோ உள்ள படத்துக்கு இந்த முறையை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

ஸ்டாப் பாத், ஃபிக்ஸர், கழுவல் ஆகியவை கான்ட்ராஸ்டைத் தொடுவதில்லை. அவற்றைக் குறிப்புத்தாளின்படி, அதே 24 டிகிரியில் செய்தால் போதும்.

35 மில்லிமீட்டர் பிலிமில் பெரிய இடைஞ்சல் ஒன்று உண்டு. ஒரு சுருளில் 36 படம். உச்சி வெயிலில் பத்து, சாயங்காலக் கற்பூர வெளிச்சத்தில் பத்து, மறுநாள் மழையில் மீதி என்று எடுத்துவிட்டால், எந்த நேரத்தில் கழுவினாலும் ஏதோ ஒரு பகுதி கெடும். இதற்கு எனக்குக் கிடைத்த தீர்வு, 30.5 மீட்டர் நீளப் பெருஞ்சுருளை வாங்கி, பன்னிரண்டு பன்னிரண்டு படமாக வெட்டி, காலிக் கூடுகளில் நானே அடைத்துக்கொள்வது. கூட்டின்மேல் துணி நாடாவை ஒட்டி, மைனஸ் 2, மைனஸ் 1, இயல்பு, பிளஸ் 1 என்று பேனாவால் எழுதிவிடுகிறேன். வெளிச்சம் மாறினால் சுருளையும் மாற்றிவிடலாம்; பன்னிரண்டு படத்தில் நான்கு வீணானாலும் மனம் வருந்துவதில்லை.

பிளஸ் 1 எழுதிய கூடுகளைப் பயன்படுத்தும் வாய்ப்பு நவம்பர் மழையில் வந்தது. எங்கள் வட்டாரத்தில் பெரும்பகுதி செம்பனையாகிவிட்ட போதிலும், தோட்டத்தின் மேற்குத் தீம்பாரில், அதாவது மரங்கள் நிற்கும் பகுதியில், இன்னும் கொஞ்சம் பால்மரம் (ரப்பர்) நிற்கிறது. 1877இல் மலாயாவின் முதல் ரப்பர் கன்றுகள் சில நடப்பட்ட கோலகங்சார் எங்களுக்குப் பக்கத்து ஊர்தான். இந்த மரங்களும் போய்விடுமுன் படமெடுத்து வைக்க வேண்டும் என்ற எண்ணம் எனக்கு நெடுநாளாக உண்டு. காலை ஏழு மணிக்கு உள்ளே போனால் வெயில் இறங்காது. மூடுபனியும் ஈரப்பட்டையும் மட்டுமே. ஈரமான மரப்பட்டைக்கும் பனிக்கும் இடையே மூன்று ஸ்டாப்தான் வந்தது. இயல்பான நேரத்தில் கழுவினால் சாம்பல் கஞ்சி போல் வரும் காட்சி இது. 400லேயே எடுத்து, ஒன்றுக்கு ஒன்று கலவையில் 9 நிமிடத்துக்குப் பதில் 12 நிமிடம் கழுவினேன். வெட்டுக்கோட்டின் அடிவிளிம்பில் பால் ஊறி, நூல் பிடித்தாற்போல் சரிந்து, தகர நாக்கின் நுனியில் ஒரு சொட்டாகத் திரண்டு, பால் பிடிக்கும் மங்குக்குள் விழப்போகும் அந்த இடம், பட்டையின் கருமைக்கு எதிரே பளிச்சென்று நின்றது. பெரியம்மா அதைப் பார்த்ததும் முதலில் சொன்னது, "வெட்டு ஆழமாப் போயிருக்கு, மரம் காயப்பட்டுடும்" என்பது. முப்பது ஆண்டுகளுக்கு மேல் பால்மரம் வெட்டிய கண் அது. பட்டையின் காயம் அவருக்குத் தெரியும் அளவுக்கு நிழலில் விவரம் இருக்கிறது என்று அறிந்து நான் மகிழ்ந்தேன்.

ஃபில்டர்களைப் பற்றிச் சில வார்த்தைகள். இலைகளை வெளுக்கச் செய்ய பச்சை ஃபில்டர் நல்லது என்று படித்து, தீம்பாரில் அதை மாட்டிப் பார்த்தேன். இலைகள் வெளுத்தன, நின்றவரின் முகம் கறுத்துவிட்டது. பழுப்புத் தோல் சிவப்பைத் திருப்பி அனுப்பும் அளவுக்குப் பச்சையை அனுப்புவதில்லை. ஆரஞ்சு ஃபில்டரோ முகத்தைத் தெளிவாக்கி, எங்கள் ஊர்ச் சுண்ணாம்புக் குன்றுகளின் வெண்பாறையையும் வானத்திலிருந்து பிரித்துக் காட்டுகிறது. ஆனால் வெட்டவெளி நிழலுக்கு வெளிச்சம் தருவது நீல வானம் என்பதால், ஆரஞ்சும் சிவப்பும் அந்த நிழலை மேலும் இருட்டாக்கும். நண்பகல் கோயில் முற்றத்தில் அவற்றை மாட்டுவது எரிகிற வீட்டில் எண்ணெய் ஊற்றுவதற்குச் சமம்.

நிழலில் நிற்பவரின் முகத்தைத் தூக்குவதற்குக் கைவசம் இருக்கும் மிக எளிய கருவி தரைதான். பந்தலின் உள்ளே மண்தரையில் நின்றவரை, வெயில் விழும் சிமென்ட் தளத்துக்கு இரண்டடி அருகே வரச்சொன்னால் போதும். தளத்தில் பட்டு எழும் வெளிச்சம் முகத்தை ஒரு ஸ்டாப் ஏற்றிவிடுகிறது. 6 ஸ்டாப் 5 ஆகிறது; மைனஸ் 2 தேவைப்பட்ட காட்சிக்கு மைனஸ் 1 போதுமாகிறது. கழுவும் நேரத்தைக் குறைப்பதால் நடு மண்டலங்களின் துலக்கமும் கொஞ்சம் மழுங்கத்தான் செய்யும். அதனால் காட்சியிலேயே குறைக்க முடிவதைக் காட்சியில் குறைத்துவிட்டு, முடியாததை மட்டும் டாங்கிக்கு விட்டுவைக்கிறேன்.

இந்த ஆண்டு ஆடித் திருவிழாவுக்கு நான்கு கூடுகளை அடைத்து எடுத்துக்கொண்டு போனேன். பெரியம்மா அதே பந்தலின் கீழே, பெரியப்பா அதே வெயிலில். 200இல் முகம் எஃப் 8, 1/60 என்று காட்டியது. நான்காம் மண்டலத்துக்காக ஒரு ஸ்டாப் குறைத்து 1/125இல் எடுத்தேன். வேட்டி இம்முறையும் ஆறு ஸ்டாப் மேலே இருந்தது. எட்டரை நிமிடம் கழுவிக் காயவைத்து, நாளிதழின் மேல் வைத்தேன். வேட்டியின் வழியே செய்தியைப் படித்தேன். மல்டிகிரேட் தாளில், இயல்பான கான்ட்ராஸ்டான இரண்டாம் கிரேடிலேயே, எங்கும் கையால் மறைத்தோ கூட்டியோ திருத்தாமல் அச்சு வந்தது. பெரியம்மாவின் கண்ணில் பந்தல் விளிம்பின் வெளிச்சக்கோடு மெலிதாகத் தெரிந்தது. பெரியப்பாவின் வேட்டியில் இடுப்புச் செருகலிலிருந்து விரியும் விசிறி மடிப்பு ஒவ்வொன்றும் தெரிந்தது.

பெரியம்மா அந்தப் படத்தை நீண்ட நேரம் கையிலேயே வைத்திருந்தார். மூக்குத்தியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "ஆமா, இதான் நானு" என்றார். பிறகு பால்குட ஊர்வலப் படங்களை எடுத்தார். வானத்துக்காக மஞ்சள் ஃபில்டர் மாட்டி எடுத்தவை அவை. அவருடைய முகம் மாறியது. "ஏம்பா, பால்குடம் எடுத்த புள்ளைங்க எல்லாம் மஞ்சச் சேலதானே கட்டியிருந்துச்சுங்க? இதுல எல்லாம் வெள்ளச் சேல கட்டின மாதிரி இருக்கே. அம்மன் முன்னாடி சுமங்கலிங்கள இப்படிக் காட்டலாமா?"

எனக்குச் சொல்லப் பதில் இல்லை. மஞ்சளை இந்தப் பிலிம் இயல்பாகவே வெளிறிய சாம்பலாகத்தான் பதிக்கும். மஞ்சள் ஃபில்டர் மாட்டியதும் அது வேட்டியோடு சேர்ந்தே வெளுத்துவிட்டது. அந்தப் பெண்களுக்கு அந்தப் படங்களைக் கொடுக்கவில்லை. சென்ற வாரம் கொடியில் வேட்டியையும், மஞ்சளில் நனைத்துக் காயவைத்த துணியையும் அருகருகே போட்டு, பக்கத்தில் என் கையையும் நீட்டி, ஃபில்டர் இல்லாமலும், மஞ்சள் ஃபில்டருடனும், இரண்டு ஸ்டாப் வெளிச்சத்தை விழுங்கும் 80ஏ நீல ஃபில்டருடனும் எடுத்துக் கழுவினேன். நீலத்தில் மஞ்சள் துணி வேட்டியிலிருந்து தெளிவாகப் பிரிந்து, அதற்குரிய சாம்பலில் நின்றது. ஆனால் என் கை ஏறக்குறைய ஒரு ஸ்டாப் கறுத்திருந்தது. முகத்தை நான்கில் நிறுத்த அந்த ஒரு ஸ்டாப்பைக் கூட்டினால் வேட்டியும் கூடவே ஏறும். எட்டரை நிமிடம் போதாமல் ஏழரைக்கு இறங்க வேண்டியிருக்கும். வெட்டவெளி நிழலில் நீல வெளிச்சமே மிகுதி என்பதால் அந்த இழப்பில் ஒரு பகுதி அங்கே திரும்பக் கிடைக்கலாம். துணி நாடாவில் 'நீலம், ஏழரை' என்று எழுதி ஒரு கூட்டை அடைத்து வைத்திருக்கிறேன். சனிக்கிழமை பெரியம்மா மஞ்சள் சேலை கட்டிக்கொண்டு பந்தல் இருந்த இடத்துக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறார்.